ஈப்போவில் ஒரு வருடம், ஐரோப்பிய நேரத்தில் வேலை: கட்டுப்படியாகுமா?

நீங்கள் கேட்டது இது: கணவன், மனைவி இருவர்தான். கோவையில் இருந்தபடி ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை, ஆண்டுக்குச் சுமார் 40,000 டாலர். ஒரு வருடம் மலேசியாவில் இருந்து பார்க்க ஆசை, ஆனால் கோலாலம்பூர் வாடகை பயமுறுத்துகிறது. ஈப்போ மலிவு, தமிழிலேயே காலம் தள்ளலாம் என்கிறார்களே, அது உண்மையா, மாதம் எவ்வளவு ஆகும்?

நான் ஈப்போக்காரன். கோலாலம்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி, இப்போது சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஊர்ப்பாசம் எங்காவது எட்டிப் பார்த்தால் கழித்துக்கொள்ளுங்கள். மலிவு என்பது உண்மை. தமிழ் என்பது பாதி உண்மை. ஆனால் இரண்டையும்விட முக்கியமான ஒன்று உங்கள் கேள்வியில் தற்செயலாக வந்து விழுந்திருக்கிறது: ஐரோப்பிய நேரம். அமெரிக்க நேரத்தில் வேலை என்று எழுதியிருந்தால் ஈப்போ வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் இது காலையில் வாழும் ஊர். விடிவதற்கு முன்பே கோப்பிக்கடைகள் திறந்துவிடும். நல்ல சாப்பாடு என்று ஊரார் சொல்லும் கடைகளில் பல மதியத்தோடு சரி. டிம் சம் என்னும் சீனச் சிற்றுண்டிக் கடைக்குப் பதினொரு மணிக்குப் போனால் தட்டு காலியாக இருக்கும். இரவு பத்துக்கு மேல் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகங்களும் சில உணவங்காடிகளும்தான். ஜெர்மனிக்கும் எங்களுக்கும் கோடையில் 6 மணி நேரம், குளிர்காலத்தில் 7 மணி நேரம் வித்தியாசம். அங்கே காலை 9 என்றால் உங்களுக்குப் பிற்பகல் 3 அல்லது 4. முடியும்போது நள்ளிரவு அல்லது 1 மணி. அதாவது ஊர் உயிரோடு இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் கையில். ஊர் தூங்கப் போகும்போது நீங்கள் கணினி முன்னால். நியூயார்க் நேரத்தில் வேலை செய்பவர் விடியற்காலை ஐந்துக்கோ ஆறுக்கோ படுத்து மதியம் எழுவார். அவருக்கு இந்த ஊரில் மிஞ்சுவது மழையும் மூடிய கடைகளும்தான்.

விடிவது என்றால் எங்களுக்கு ஏழு மணிக்கு மேல்தான். 1982-ல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். நள்ளிரவில் வேலை முடிக்கும் உங்களுக்கு இது வரம். ஏழரைக்கு எழுந்தாலும் விடியற்காலையின் குளிர்ச்சி மிச்சமிருக்கும்.

சரி, ஏன் மலிவு? ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய ஈயச் சுரங்கப் பகுதிகளில் ஒன்று. அந்தப் பணத்தில் எழுந்த ஊர் இது. 1917-ல் கட்டி முடித்த ரயில் நிலையத்தைப் பார்த்தாலே தெரியும், இவ்வளவு பெரிய மாளிகை இந்த ஊருக்கு எதற்கு என்று தோன்றும். 1985-ல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை. பெற்றோர் காலமான பிறகு பூட்டிக் கிடக்கும் வரிசை வீடுகள் எல்லாத் தாமான்களிலும், அதாவது குடியிருப்புப் பகுதிகளிலும், உண்டு. பிள்ளைகள் விற்க மனமில்லாமல் வாடகைக்கு விடுகிறார்கள். வீடு அதிகம், ஆள் குறைவு என்பதுதான் உங்கள் மலிவு வாடகையின் கதை. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இது வயதானவர்களின் ஊர். சியாங் மாய், பினாங்கு மாதிரி மடிக்கணினியோடு திரியும் வெளிநாட்டு இளைஞர் கூட்டத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வாடகை மேசை போட்டு வேலை செய்யும் இடங்களும் சொற்பம்.

இப்போது கணக்கு. ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய்க்குச் சற்று மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான தளவாடங்களுடன் இரண்டு, மூன்று அறை அடுக்குமாடி வீடு 1,200 முதல் 1,600 வெள்ளிக்குள் கிடைக்கும். தளவாடம் இல்லாத பழைய வரிசை வீடு 1,000-க்கே கிடைக்கும், ஆனால் ஒரு வருடத்துக்காகக் கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கிப் பிறகு விற்க அலைய வேண்டாம். மின்சாரம், தண்ணீர் சேர்த்து 200 முதல் 300. ஏர்கான் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இணையம் நூறு சொச்சம். சாப்பாடு, பாதி வெளியே பாதி வீட்டில் என்றால் இருவருக்கும் 1,500 போதும். மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிவைத்துப் பார்த்தால், காருடன் சேர்த்து மாதம் 5,000 வெள்ளியில் நெருக்கடி இல்லாமல் இருக்கலாம். கார் இல்லாமல் நாலாயிரத்துக்குக் கீழே கொண்டுவரலாம்.

இந்தக் கார் விஷயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் கணக்குத் தப்புகிறார்கள். ஈப்போவில் நகரப் பேருந்து இருக்கிறது, ஆனால் அதை நம்பி வாழ்க்கையை அமைக்க முடியாது. தாமான்கள் அகலமாகப் பரந்து கிடக்கின்றன, நடைபாதை திடீரென்று சாக்கடை ஓரத்தில் முடிந்துவிடும், வெயிலோ மண்டையைப் பிளக்கும். 800 வெள்ளிக்கு மலிவாக ஒரு வீட்டை ஊர்க் கோடியில் பிடித்துவிட்டு, பால் வாங்கவும் கிராப் செயலியில் டாக்சி கூப்பிட்டால், மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். சின்ன ஆக்சியா காரை மாத வாடகைக்கு எடுத்தால் ஆயிரத்துக்கு மேல் ஆகும். பழைய மைவி கார் ஒன்றைக் கைக்காசு போட்டு வாங்கலாம். ஒரு வருட அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்குக் கார் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெட்ரோலிலும் இப்போது இரண்டு விலை. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து ரோன்95 பெட்ரோல் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி, உங்களுக்குச் சந்தை விலை. பழைய பதிவுகளில் மலேசியாவில் பெட்ரோல் தண்ணீர் விலை என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

ஆகவே என் ஆலோசனை: வாடகையில் 300, 400 வெள்ளி கூடினாலும் நடந்து போகிற தூரத்தில் எல்லாம் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். கிரீன்டவுன் பக்கம் மருத்துவமனை, பேரங்காடி, சாப்பாட்டுக் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஈப்போ கார்டன், கேனிங் கார்டன் இரண்டும் பழைய குடியிருப்புகள். மரம் உண்டு, காலையில் சந்தையும் கோப்பிக்கடையும் நடந்து போகும் தொலைவில். மேரு ராயாவில் புது அடுக்குமாடிகள் பளபளவென்று இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், கோலாலம்பூர் பேருந்து நிற்கும் அமான்ஜெயா நிலையமும் அங்கேதான். ஆனால் அது ஊருக்கு வெளியே தனித் தீவு. கார் இல்லாமல் அங்கே குடியேறாதீர்கள்.

வீடு எடுக்கும் முறை கோவையிலிருந்து வேறுபட்டது. இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மொத்தம் மூன்றரை மாதப் பணத்தை ஒரே நாளில் கொடுக்க வேண்டும். 1,300 வெள்ளி வீட்டுக்கு 4,550. ஒப்பந்தத்தில் முத்திரை வரி கட்டச் சொல்லுங்கள், சில உரிமையாளர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைப் பின்னால் நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சாவி வாங்கும் அன்றே சுவர், ஏர்கான், குளியலறை எல்லாவற்றையும் படம் பிடித்து ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்புவதும் திரும்பாததும் அந்தப் படங்களில்தான் இருக்கிறது. இணையம் ஏற்கெனவே போட்டிருக்கும் வீடாகப் பாருங்கள், ஏனென்றால் ஃபைபர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாதம், நடுவில் நிறுத்தினால் அபராதம்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை விளம்பரங்களில் இனத்தைக் குறிப்பிடுவது இந்த நாட்டில் இன்னும் சகஜம். சீனர் மட்டும், மலாய்க்காரர் மட்டும் என்று போட்டிருப்பார்கள், சிலர் போடாமலே செய்வார்கள். ஏஜெண்டு நன்றாகப் பேசிக்கொண்டே வந்து, கடைசியில் "நீங்கள் என்ன இனம்?" என்று கேட்டு, பிறகு அழைப்பை எடுக்காமல் போவது இந்திய மலேசியர்கள் எல்லோருக்கும் பழக்கமான நாடகம். எனக்கும் கோலாலம்பூரில் நடந்திருக்கிறது, இங்கேயும் நடந்திருக்கிறது. அதற்காகச் சோர்ந்துபோகாதீர்கள். முதல் செய்தியிலேயே இந்தியத் தம்பதி, இருவர், வெளிநாட்டு நிறுவன வேலை, இந்த அனுமதி என்று எழுதிவிட்டால் வேண்டாதவர்கள் தாமே விலகிவிடுவார்கள், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

அனுமதி என்றேன் அல்லவா. இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் வரை வந்து போகலாம். 2026 இறுதி வரை அது நீடிக்கப்பட்டிருக்கிறது. ஊரைப் பார்க்க அது போதும், வேலை செய்ய அல்ல. உங்களுக்கு உரியது வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கான டிஇ ரந்தாவ் அனுமதி. 2022-ல் தொடங்கியது, மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகமான எம்டெக் நடத்துகிறது. மென்பொருள் போன்ற தொழில்நுட்ப வேலை என்றால் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் காட்டினால் போதும், மற்ற வேலைகளுக்கு 60,000. நீங்கள் தாராளமாகத் தேறுவீர்கள். 3 முதல் 12 மாதம் வரை தருவார்கள், பிறகு இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். கோவையிலிருந்தே இணையத்தில் விண்ணப்பித்துவிடலாம்.

வரியில் கவனம் தேவை. சம்பளம் ஜெர்மனியிலிருந்து இந்தியக் கணக்குக்குப் போனாலும், வேலையை மலேசியாவில் உட்கார்ந்து செய்தால் அது மலேசியாவில் ஈட்டிய வருமானம் என்பதுதான் இங்குள்ள சட்டத்தின் பார்வை. ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாட்கள் இருந்தால் வரிக்குரிய குடியிருப்பாளர் ஆவீர்கள், படிநிலை விகிதம் பொருந்தும். அதற்குக் குறைந்தால் பொதுவாக 30 விழுக்காடு தட்டையாக விழும். எனவே ஆகஸ்டில் வந்து இறங்கி ஆண்டை இரண்டாக வெட்டிக்கொள்வதைவிட, பொங்கல் முடிந்து கிளம்பி வருவது எவ்வளவோ மேல். இந்தியா, மலேசியா இரண்டுக்கும் இடையே இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. இரு பக்கமும் தெரிந்த வரி ஆலோசகரிடம் கிளம்பும் முன்பே ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் நிறுவனத்திடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைச் சூழலில் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: இடி. இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், அதுவும் அக்டோபர், நவம்பரில் ஏறக்குறைய தினமும். உங்கள் ஜெர்மன் சகாக்கள் காலை வணக்கம் சொல்லும் அதே மூன்று, நான்கு மணிக்கு வானம் கறுக்கும். மின்னல் ஒரு வெட்டு வெட்டினால் வீட்டின் மெயின் சுவிட்ச் விழும், சில நேரம் மோடம் நிரந்தரமாகவே போய்விடும். மோடத்துக்கும் மடிக்கணினிக்கும் யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள், கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் டேட்டா வைத்திருங்கள்.

தமிழுக்கு வருவோம். பழைய நகரத்தில் லிட்டில் இந்தியா இருக்கிறது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி மாவு எதற்கும் பஞ்சமில்லை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே போடும் தமிழ்க் குடும்பங்களின் கடைகளில் முறுக்கும் கடலையும் வாங்கலாம். தைப்பூசத்துக்குக் குனோங் சேரோ அடிவாரத்தில் கல்லுமலை முருகன் கோயிலில் கூட்டம் அலைமோதும். ஊரில் ஒரு பெரிய பூங்காவுக்கே டி. ஆர். சீனிவாசகம் பெயர், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வழக்கறிஞர். எனவே தனித்துவிடப்பட்ட உணர்வு இருக்காது.

ஆனால் குழாய் ரிப்பேர்க்காரர், காவலாளி, குடிநுழைவுத் துறை, மாநகர் மன்றம் எல்லாம் மலாய். சீனர்கள் தங்களுக்குள் கான்டனீஸ், உங்களிடம் மலாயோ ஆங்கிலமோ. ஆங்கிலம் வங்கி, மருத்துவமனை வரை ஓடும். கடைத்தெரு மலாயை மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம், சிரமமே இல்லை. இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்குள்ள தமிழரைப் பார்த்ததும் "இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். நாலு, அஞ்சு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்கள், பலருக்கு அந்த ஊர்ப் பெயரே தெரியாது. "பசியாறியாச்சா?" என்று ஆரம்பியுங்கள், பேச்சு தானாக ஓடும்.

பசியாற நான் கோப்பிக்கடையைத்தான் சொல்வேன். முதல் தடவை போகிறவர்கள் தடுமாறுவார்கள், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன். கடை ஒருவருடையது, அவர் விற்பது கோப்பி, தேநீர், ரொட்டி, முட்டை. உள்ளே நிற்கும் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளுடையவை. முதலில் மேசையைப் பிடியுங்கள், பானம் கேட்க ஆள் வருவார், பிறகு நீங்களே எழுந்து போய் வேண்டிய வண்டியில் சொல்லி மேசையைக் கைகாட்ட வேண்டும். தட்டு வரும்போதே அவரவரிடம் காசு. ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கு மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டை, கெட்டிப்பால், மேலே நுரை. கோவை டிகிரி காப்பி நாக்குக்கு முதல் வாரம் பிடிக்காது. சர்க்கரை வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கொசோங்" என்று கேளுங்கள், கறுப்பாக வரும். நீங்கள் சைவம் என்றால் மட்டும் கவனம்: சீனக் கடை மீ (நூடுல்ஸ்) வகைகளில் பன்றிக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சீனர்களின் தனிச் சைவக் கடைகள் இருக்கின்றன, அங்கே போங்கள். சனி, ஞாயிறுகளில் கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் பழைய நகரத்தை நிரப்பிவிடுவார்கள், அன்று ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

மெங்லெம்புவில் கிளேடாங் மலைக்கு ஒரு தார்ச்சாலை ஏறுகிறது. வார நாட்களிலும் காலையில் ஆள் நடமாட்டம் இருக்கும்: கைத்தடியோடு சீனத் தாத்தாக்கள், சேலை முனையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக ஏறும் நம் அக்காக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நாலு நாள் ஒரே நேரத்துக்குப் போனால் ஐந்தாம் நாள் உங்களைத் தேடுவார்கள். இந்த ஊரில் அறிமுகம் இப்படித்தான் வரும்.

இது உங்களைவிட உங்கள் மனைவிக்கு முக்கியம். நீங்கள் கேட்காத, ஆனால் நான் அதிகம் யோசித்த விஷயம் அவருடைய நாள்தான். உங்களைச் சார்ந்தவராக வரும் அனுமதியில் அவர் இங்கே வேலை தேட முடியாது. பிற்பகல் மூன்றிலிருந்து நீங்கள் அறைக்குள், வெளியே மழை, மாலை ஏழரை வாக்கில் இருட்டு, ஒன்பதுக்கு ஊர் அடங்கிவிடும். இந்த வாழ்க்கை உங்களுக்கு ஓய்வு, அவருக்குச் சிறை ஆகிவிடலாம். அதனால் கார் வேண்டுமா என்பதை உங்கள் வசதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவருக்கு ஓட்டத் தெரியும் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு வரட்டும், வந்ததும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயிலேறுங்கள். ஈடிஎஸ் மின்சார ரயிலில் கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம், டிக்கெட்டை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், விடுமுறை வாரங்களில் கிடைக்காது.

ஊருக்குப் போக ஈப்போ விமான நிலையம் உதவாது, தமிழ்நாட்டுக்கு நேரடி விமானம் இல்லை. கோலாலம்பூருக்குப் போய்த் திருச்சி விமானம் பிடிக்கலாம், அல்லது பினாங்கிலிருந்து 2024 டிசம்பரில் தொடங்கிய இண்டிகோ சென்னை விமானம். பினாங்கு இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள்.

கிளம்பும் முன் பத்து நாள் சுற்றுலாவாக வந்து பாருங்கள், முடிந்தால் அக்டோபர், நவம்பரில். மழையிலும் ஊர் பிடித்தால் எப்போதும் பிடிக்கும். இரண்டு பேரும் வாருங்கள். கிரீன்டவுன் பக்கம் தங்கி, கார் எடுக்காமல் நாலு நாள், எடுத்து நாலு நாள் இருந்து பாருங்கள். அப்புறம், குடியேற வரும்போது வீடு தேடும் வாரம் சீனப் புத்தாண்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஏஜெண்டு ஒருவரும் போனை எடுக்க மாட்டார், பாதிக் கடை மூடியிருக்கும், வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்பி ஈப்போவில் கார் நிறுத்தவே இடம் இருக்காது.